ஆறு அணுக்களின் அதிகாரம்

ஒரு மனித செல்லிலுள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது குடியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்குதான். இடம் போதாதே! அதனால் ஹிஸ்டோன் எனப்படும் புரதங்களின் மேல், நூல்கண்டில் நூல்போல அது சுற்றிக் கிடக்கிறது.

சுற்று இறுகியிருக்கும் இடத்தில் உள்ள மரபணுவைச் செல்லால் படிக்க முடியாது. கல்லீரல் செல்லுக்கும் நரம்புச் செல்லுக்கும் மரபணுத் தொகுப்பு ஒன்றே. எங்கே இறுகுகிறது, எங்கே நெகிழ்கிறது என்பதில்தான் பெருமளவு வித்தியாசம்.

நெகிழவைப்பது அசிட்டைல் என்ற வேதித்துண்டு. இரண்டு கார்பன், மூன்று ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்: மொத்தமே ஆறு அணுக்கள். ஹிஸ்டோனின் வால்பகுதியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களுக்கு நேர்மின்னூட்டம், டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும். லைசினில் அசிட்டைல் ஒட்டியதும் அந்த நேர்மின்னூட்டம் மறைந்துவிடும், பிடி தளரும். கூடவே, அசிட்டைலை அடையாளம் கண்டு அங்கே வந்து அமரும் புரதங்களும் உண்டு.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்ஃப்ரே, அசிட்டைல் ஒட்டுவது மரபணுவை இயங்கவைக்கலாம் என்று 1964-லேயே சொன்னார். ஆனால் ஹிஸ்டோனை வெறும் பொட்டலம் கட்டும் சரக்காகவே பலரும் நினைத்தார்கள். அசிட்டைலை ஒட்டும் நொதி எது என்று காட்டாதவரை அவர் சொன்னது எடுபடவில்லை.

காட்டிக்கொடுத்தது டெட்ராஹைமீனா என்ற ஒற்றைச் செல் குளத்து உயிரி. அதற்கு இரண்டு உட்கருக்கள். பெரியதில் மரபணுக்கள் மும்முரமாக இயங்கும், ஹிஸ்டோன்களில் அசிட்டைல் நிறைந்திருக்கும். சிறியது இனப்பெருக்கத்துக்கான பெட்டகம். மற்ற நேரங்களில் அங்கே ஓசையே இல்லை, அசிட்டைலும் இல்லை. இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனை! ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆலிஸ் குழு, அந்தப் பெரிய உட்கருவிலிருந்து நொதியைப் பிரித்தெடுத்து 1996-ல் அறிவித்தது. ஆள் புதியவரல்ல. மரபணுக்களைத் தூண்டுவதாக ஈஸ்டில் முன்பே அறிந்திருந்த ஒரு புரதத்தின் உறவுதான் அது. அதே ஆண்டு ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழு, அசிட்டைலைக் கழற்றும் நொதியையும் பிடித்துவிட்டது.

ஒட்டவும் கழற்றவும் முடியும் என்றால் மருந்தால் தலையிடவும் முடியுமே. கழற்றும் நொதிகளைத் தடுக்கும் வோரினோஸ்டாட், தோலைத் தாக்கும் டி-செல் லிம்ஃபோமா என்ற ஒருவகைப் புற்றுநோய்க்கு 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லாப் புற்றுநோயிலும் அது பலிக்கவில்லை. வலிப்புக்குப் பல்லாண்டுகளாகத் தரப்பட்டுவந்த வால்ப்ரோயிக் அமிலமும் இதே நொதிகளைத் தடுக்கிறது என்பது 2001-ல்தான் தெரியவந்தது.

ஹிஸ்டோனோடு கதை நிற்கவில்லை. செல்லுக்குள் சரக்குப் போகும் பாதைகளான நுண்குழாய்களிலும், புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்திலும் அசிட்டைல் ஒட்டுகிறது. 2009-ல் வந்த ஓர் ஆய்வு, மனித செல்களில் சுமார் 1,750 புரதங்களில் 3,600 இடங்களைப் பட்டியலிட்டது.

இத்தனைக்கும் அசிட்டைல் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, உணவு எரியும்போது உருவாகும் அசிட்டைல் கோ-ஏ என்ற மூலக்கூறிலிருந்து. செல்களுக்குக் கிடைக்கும் குளுக்கோஸ் குறைந்தால் ஹிஸ்டோன்களில் அசிட்டைலும் குறைவதை, அதே 2009-ல் இன்னொரு ஆய்வு காட்டியது.