பறவூரின் 123 வாக்குகள்

தமிழகத்தில் 2001ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலிலேயே வாக்குப் பெட்டியின் இடத்தை மின்னணு இயந்திரம் பெற்றுவிட்டது. ஆயினும், "இயந்திரத்தை நம்பலாமா?" என்னும் வினா ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் நம் இல்லங்களில் எழவே செய்கிறது. தோற்றவர் எழுப்பும் கூக்குரல் என்று அதனைத் தள்ளிவிடுதல் தகாது. விடை தேடப் புகும் நாம் முதலில் கேரளத்துப் பறவூரை நினைவுகூர வேண்டும்.

1982 மே மாதம் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில், அத்தொகுதியின் 50 சாவடிகளில் இவ்வியந்திரம் முதன்முதலாக வைக்கப்பட்டது. இந்தியப் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரம் கூடாதென்று தேர்தலுக்கு முன்பே உயர் நீதிமன்றம் சென்றார், நீதிமன்றம் தலையிடவில்லை. முடிவு வெளிவந்தபோதோ, அவரே 123 வாக்குகளில் வென்றிருந்தார்! இப்போது வழக்காடும் முறை, தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோசுடையதாயிற்று. 1984இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இயந்திரம் பொய் சொல்லிற்று என்று அது கூறவில்லை. அன்றைய சட்டம் வாக்குச் சீட்டை மட்டுமே அறிந்திருந்தது. ஆகவே அந்த 50 சாவடிகளின் வாக்குப்பதிவு செல்லாது என்றது. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் வென்றார். பாராளுமன்றம் 1988இல் சட்டத்தைத் திருத்திய பின்னரே இயந்திரத்திற்கு வழி பிறந்தது. (இதனை உருவாக்கும் பணியில், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்த எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்குண்டு.)

இயந்திரம் எளிமையானது. சாவடி அலுவலர் தம் கருவியின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், மறைவிலுள்ள கருவியில் ஒரு வாக்குத்தான் விழும். நிமிடத்திற்கு 4 வாக்குகளுக்கு மேல் அது ஏற்காது. இணையத்தோடு அதற்குத் தொடர்பில்லை. எனினும் 2010இல் ஹரி பிரசாத் என்னும் பொறியாளரும் வெளிநாட்டு வல்லுநர் இருவரும், இயந்திரம் ஒருவர் கையில் தனியே சிக்கினால் உறுப்புகளை மாற்றி முடிவைத் திரிக்கலாம் எனக் காட்டினர். தம் காவலும் முத்திரையும் அதற்கு இடங்கொடா என்பது தேர்தல் ஆணையத்தின் மறுமொழி. அப்படியாயின், நாம் நம்புவது இயந்திரத்தை மட்டுமன்று. அதனைக் காப்போரையும் அன்றோ? ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் இதனையே வேறு விதமாய்க் கூறிற்று: தொழில்நுட்பம் அறியாத குடிமகனும் தேர்தலின் முக்கிய படிகளைச் சரிபார்க்க இயல வேண்டும்.

நம் நாட்டில் அவ்வழியைத் திறந்தது 2013இல் உச்ச நீதிமன்றம் வற்புறுத்திய ஒப்புகைச் சீட்டு. பொத்தானை அழுத்தியதும் நாம் தேர்ந்த சின்னம் கண்ணாடிக்குப் பின்னே 7 விநாடிகள் தெரிந்து, பின் பெட்டியுள் விழுகிறது. 2019 மக்களவைத் தேர்தலில் இது எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. ஆனால் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் சீட்டுகளே எண்ணிப் பார்க்கப்படுகின்றன. அனைத்தையும் எண்ண வேண்டுமென்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றோர் கேட்டால் 5 விழுக்காட்டு இயந்திரங்களைச் சோதிக்க வழி செய்தது. முடிவு சில நாள் தாழ்ந்தாலும் கூடுதலாக எண்ணுவதே நலம் என்பது நம் கருத்து.

நம் பங்குப் பள்ளிகள் பல வாக்குச் சாவடிகளாகின்றன. நம் குடும்பங்களின் ஆசிரியர்கள் தலைமை அலுவலர்களாய் அமர்கின்றனர். காலையில் முகவர்கள் முன்னிலையில் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவும், மாலையில் மொத்த வாக்குகளைக் குறித்து முகவருக்குக் கொடுக்கும் 17சி படிவமும் வெறும் சடங்குகளல்ல. எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் தொகையை அந்தப் படிவத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். வாக்காளரோ அந்த 7 விநாடிகளில் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கலாகாது. வேறு சின்னம் தெரிந்தால் தலைமை அலுவலரிடம் உடனே எழுதிக் கொடுக்கலாம். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு. முகவர்கள் காண ஒரு சோதனை வாக்கு போடச் செய்வர். புகார் மெய்யெனில், அவ்வியந்திரத்தில் வாக்குப்பதிவு அப்போதே நிறுத்தப்படும்.