9-க்கு 9 வந்தால் ஃபெயில்

என் தாய்மாமா கள்ளக்குறிச்சியில் இருக்கார், சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவர். கல்வராயன் மலையில் வெள்ளிமலை பக்கம் ரோடு அளந்த காலத்தில் அவர் கையில் இருந்தது ஹெச்பி-15சி. 1982 முதல் 1989 வரை விற்ற புரோகிராமபிள் கால்குலேட்டர். ஒரு நண்பர் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்து கொடுத்தாராம். போன மாதம் போனப்போ வாட்ச் கடையில் மூணு பட்டன் செல் வாங்கிப் போட்டேன். உயிர் வந்துடுச்சு, ஆனா மெமரி காலி. புரோகிராம்கள் எல்லாம் மாமாவோட நோட்டில் விடைகளோட இருக்கு. இருக்கிற ஒரே மெஷினும் போய்ட்டா? போனில் ஒரு எமுலேட்டர் போட்டு, எல்லாத்தையும் அதில் ஏத்திடலாம்னு நினைச்சேன்.

எந்த ஆப்பை நம்புறது? 2-ம் 2-ம் கூட்டிப் பார்த்து பிரயோஜனமில்லை. பழைய கால்குலேட்டர் பித்தர்களிடம் பிரபலமான சோதனை ஒண்ணு உண்டு. டிகிரி மோடில் 9-க்கு சைன், வந்ததுக்கு காஸ், அதுக்கு டேன். பிறகு வந்த வழியே ஆர்க்டேன், ஆர்க்காஸ், ஆர்க்சைன். கணிதப்படி 9 வரணும். மாமாவோட மெஷின் காட்டியது 9.000417403.

முதல் ஆப்பில் சுத்தமா 9. "இது நல்லா போடுதே மாப்ள" என்றார். இல்ல மாமா, இதுதான் ஃபெயில்.

தப்பு எங்கே நுழையுது? 9 டிகிரியின் சைன் 0.1564344650. அதையே டிகிரியா வச்சு காஸ் போட்டால் 0.9999962727. பத்து இலக்கத்தில் முதல் ஐந்தும் வெறும் 9-கள். விஷயம் இருப்பதெல்லாம் பின்னால் உள்ள ஐந்தில். டேனும் ஆர்க்டேனும் போய்த் திரும்பும்போது ரவுண்டிங்கில் அது 0.9999962724 ஆகுது. கடைசி இலக்கத்தில் வெறும் 3 குறைவு, ஆனா ஆர்க்காஸுக்கு அது பெரிய அடி.

மாமாவுக்கு இது புதுசில்ல. 30 மீட்டர் டேப்பை 1 டிகிரி சரிவில் பிடிச்சால், சாய்நீளத்துக்கும் கிடைநீளத்துக்கும் வித்தியாசம் 5 மில்லிமீட்டர்கூட இல்லை. "அதை வச்சு கோணம் எடுத்தா டேப் தொய்வே கோணத்தை மாத்திடும். உயரத்தை அளந்து சைன்ல எடுக்கணும்" என்றார்.

ரெண்டாவது ஆப் அசல் மெஷினின் ரோமையே ஓட்டுவது. 9.000417403, அச்சு அசல். 70 ஃபேக்டோரியல் கேட்டேன். அசல் மாதிரியே 9.999999 99 என்று கண் சிமிட்டியது.

இதனால் புதுசா எழுதின ஆப்கள் மட்டம்னு அர்த்தமில்லை. தாமஸ் ஓக்கனின் ஃப்ரீ42, ஹெச்பி-42எஸ்ஸின் ரோமைத் தொடாமல் எழுதப்பட்டது. அதன் டெசிமல் வெர்ஷன் 34 இலக்கத்தில் கணக்குப் போடும். அசல் 42எஸ் இதே சோதனைக்கு 8.99999864267 என்று சொல்லும். தினசரி கணக்குக்கு நான் வச்சிருப்பது ஃப்ரீ42 தான். ஆனா நோட்டில் உள்ள பழைய விடையை கடைசி இலக்கம் வரை சரிபார்க்கணும்னா, பழைய தப்பும் சேர்ந்தே வேணும்.

டிராவர்ஸ் புரோகிராமை வரி வரியா ஏத்தி ஓட்டினோம். நோட்டில் இருந்த குளோசிங் எரர் அப்படியே வந்தது. மாமா போனை வாங்கி நாலு பட்டன் அமுக்கிப் பார்த்தார்.

"அமுங்கவே மாட்டேங்குதே" என்று திருப்பிக் கொடுத்துட்டு, அசலை எடுத்து சட்டைப்பையில் போட்டுக்கிட்டார்.