நேர்முக வருணனையில் தமிழ்

காற்பந்து ஆட்டத்தை மலாய் மொழி வருணனையில் கேட்டு வளர்ந்த நம் மாணவர்களுக்கு, ஆட்டக்காரரின் பெயரை அடுத்து உடனே வினை வருவது பழகிப்போன ஒன்று. தமிழிலோ வினை கடையில் நிற்கும். "கோல் காவலர் இடப்புறம் பாய்ந்து பந்தை வெளியே தட்டிவிட்டார்" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து நடுத்திடலைக் கடந்திருக்கும்.

இச்சிக்கலை ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தீர்த்தவர்களுள் ஒருவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். இலங்கை வானொலியில் குரல் பழகிய அவர், 1980களில் அகில இந்திய வானொலிக்காகச் சென்னைச் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் ஆட்டங்களைத் தமிழில் வருணித்தார். கூத்தபிரான், இராமமூர்த்தி ஆகியோரும் அக்காலத்து நேயர்களுக்கு நன்கு அறிமுகமான குரல்கள். ஜப்பார் 2020 டிசம்பரில் மறைந்தார்.

அக்கால வருணனையின் தொடரமைப்பு கவனிக்கத்தக்கது. "ஓடி வருகிறார், வீசுகிறார்" என நிகழ்காலத்தில் செல்லும் பேச்சு, மட்டை பட்டதும் "அடித்தார்" என இறந்தகாலத்துக்குத் தாவும். திசையும் ஓட்டமும் வினைக்குப் பின்னரே வரும்: "அடித்தார், மிட்-ஆன் திசையில், நான்கு ஓட்டங்கள்." ஆங்கில விளையாட்டு வருணனையில் எழுவாய் விடுபடுவதைச் சார்லஸ் ஃபெர்குசன் 1983இல் அதன் தனி இயல்புகளுள் ஒன்றாகக் காட்டினார். தமிழுக்கு அது தனி இயல்பே அன்று. "அடித்தார்" என்னும் ஒரு சொல்லுக்குள் செயல், காலம், ஆள், மதிப்பு நான்கும் அடங்கிவிடுகின்றன. கடையில் நிற்பதால் இடையூறாகத் தோன்றிய வினையே, முன்னே இழுத்து வைத்ததும் முழு வாக்கியமாகிவிடுகிறது.

இதனினும் அரிய செயல் ஒன்று உண்டு. அவர்கள் பேசியது பெரும்பாலும் எழுத்துத் தமிழ்; ஆனால் எழுதி வைத்துப் பேசியதன்று. பேச்சுப் போட்டிக்கு மனனம் செய்யும் நம் மாணவர்கள், இலக்கணத் தமிழை ஆயத்தமின்றிப் பேசும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லாமலே பள்ளியை விட்டு வெளியேறுகின்றனர். நாம் கொடுக்காததை அவர்களிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

காஜாங்கில் சில மாணவர்களிடம் ஒலியை அடைத்த தொலைக்காட்சியில் காற்பந்து ஆட்டம் ஒன்றைக் காட்டி, வருணிக்கச் சொன்னேன். முதல் இரண்டு நிமிடம் திணறலும் சிரிப்பும்தான். பின்னர் ஒரு மாணவி, "உதைத்தார், வலப்புறமிருந்து, உயரமாக!" என்றாள். வினையை முன்னே வைக்கும்படி நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.