கண்டி இளைஞரும் உடைக்கோலமும்

‘ஆள் பாதி ஆடை பாதி’ என்னும் பழமொழியை, இளைஞரின் உடை பற்றிய வழக்கில் இரு திறத்தாரும் தத்தமக்குச் சான்றாகக் காட்டுவர். ஆடையினாலே ஆள் மதிக்கப்படுவதால் அடக்கமாக உடுத்தல் வேண்டும் என்பர் முதியோர். தம்மிற் பாதி ஆடையாயின் அப்பாதியைத் தெரியும் உரிமையும் தம்முடையதே என்பர் இளைஞர். இவ்விரு கூற்றும் கருத்திற் கொள்ளாத செய்தி ஒன்றுண்டு. அப்பாதியை உடுத்துபவன் தெரியுமுன்னரே ஊரார் அவனுக்கெனத் தெரிந்து வைத்திருத்தல் உலகிற் பெருவழக்கு. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டிலும் இளைஞர் உடையிலே காட்டும் தனித்தன்மை வேட்கையை, இச்செய்தியை விடுத்து விளங்கிக்கொள்ளல் இயலாது.

ஜேர்மானியச் சமூகவியலறிஞராகிய கியோர்க் சிம்மெல், 1904ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த கட்டுரையொன்றில் புதுப்பாணி உடையின் இயல்பை ஆராய்ந்தார். பிறரைப் போல இருத்தல், பிறரினின்றும் வேறுபட்டிருத்தல் என்னும் இரு விருப்பங்களையும் அது ஒருங்கே நிறைவேற்றுகின்றது என்பது அவர் முடிபு. பதினாறு வயது மாணவனொருவன் தந்தையைப் போலத் தலைவாராது புதுக்கோலங் கொள்ளும்போது வீட்டினின்றும் வேறுபடுகின்றான். தோழர் நால்வரோடு ஒன்றுபடுகின்றான். வேறெவரும் அணியாத உடையைத் தன்னந்தனியனாக அணியத் துணியும் இளைஞன் அரியன். ஆதலின், ‘தனித்தன்மை’ என இளைஞர் வழங்கும் சொல், தான் சேரும் கூட்டத்தைத் தானே தெரிதல் என்னும் பொருளையே பெரும்பாலும் தருகின்றது.

கண்டி இராச்சியத்திலே இத்தெரிவுக்கு இடமிருக்கவில்லை. 1660இற் சிறைப்பட்டு ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அங்கு வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில், உடையின் நீளமே குலத்தைக் காட்டியதென எழுதியுள்ளார். உயர்குலத்தார் ஆடை முழங்காலின் கீழே தாழ்ந்திருக்கும். தாழ்த்தப்பட்டோர் அவ்வாறு உடுத்தலும் மேற்சட்டை அணிதலும் ஆகா. பிரதானிகளோ இடையிலே துணியை அடுக்கடுக்காகச் சுற்றித் தோளிற் புடைத்த கையுடைய சட்டையும் நான்கு மூலைத் தொப்பியும் அணிந்தனர். இன்று அவ்வுடையைத் தலதா மாளிகைப் பெரஹராவிலே நிலமேமார் அணிகின்றனர். கண்டியோடு தொடர்பில்லாத சிங்கள மணமகன்மாரும் ஒரு நாள் வாடகைக்கு வாங்கி அணிகின்றனர். அக்காலத்திலே தண்டத்துக்குரியதாயிருந்திருக்கும் செயல் இக்காலத்தில் நிழற்படத்துக்குரியதாயிற்று.

ஒருவர் தமக்கு உரித்தல்லாத உடையை அணிவதே பெரியோரைச் சினங்கொள்ளச் செய்வது. உடையின் அழகின்மை அன்று. மேனாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இலண்டனின் உயர்தரத் தையற்காரர், எட்வேட் மன்னர் காலத்து நீண்ட மேற்சட்டையைச் செல்வர்க்கென மீண்டும் தைத்தனர். 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அதனைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒடுங்கிய காற்சட்டையோடு அணியத் தொடங்கியதும் செல்வர் அதனைக் கைவிட்டனர். பத்திரிகைகள் அப்பிள்ளைகளை ‘டெடி போய்ஸ்’ எனப் பெயரிட்டுக் குற்றவாளிகள் போலவே காட்டின. 1964இல் ஆங்கிலக் கடற்கரை நகரங்களில் ‘மொட்ஸ்’, ‘றொக்கர்ஸ்’ என்னும் இரு கூட்ட இளைஞர் மோதிக்கொண்டதை ஸ்ரான்லி கோகென் என்பார் ஆராய்ந்தார். நேர்ந்த சேதத்திலும் அதுபற்றி எழுப்பப்பட்ட அச்சமே பெரிது என்பது 1972இல் வெளிவந்த அவர் நூலின் சாரம்.

இலங்கையிலோ இளைஞரின் உடைக் கிளர்ச்சி முதலில் எதிர்த்திசையிலே தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கோட்டும் தொப்பியும் அணிந்து மேனாட்டாரைப் பின்பற்றியவர் ஆங்கிலங் கற்ற பெரியோர். அதனைக் கண்டித்தவர் இளைஞர். ஆனந்த குமாரசுவாமி ‘இரவல் இறகுகள்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சிறுநூலை 1905இல் கண்டியில் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தெட்டளவே. அவ்வாண்டிலேயே இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கமும் தோன்றியது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவர் இக்கருத்துக்குத் தலைமை தாங்கியமை வியப்பன்று. இரவல் எது, உரியது எது என்னும் வினா அவர் போன்றாரையே மிகுதியும் வருத்தும். ஆயினும், கண்டிப் பிரதானிகளின் புடைத்த கைச்சட்டையிலேயே போர்த்துக்கேயர் சாயல் உண்டென்பர். பின்னர், 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைச் சார்ந்த இளைஞர் தேசிய உடையைக் கைக்கொண்டனர். 1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்டக் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். கதர் உடுத்தோர் கதர் உடுத்தோரைத் தொலைவிலேயே இனங்கண்டனர். பாணியை மறுத்தலும் ஒரு பாணியே ஆயிற்று.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்திலும், அடிவிரிந்த ‘பெல்பொட்டம்’ காற்சட்டை இந்நாட்டு இளைஞரை எட்டாமலிருக்கவில்லை. திரைப்படத்திற் கண்டதைத் தையற்காரர் தைத்துக் கொடுத்தனர். தமிழிளைஞர் பின்பற்றிய நாயகருள் முதல்வரான எம். ஜி. இராமச்சந்திரன் 1917இல் நாவலப்பிட்டியிற் பிறந்தவர். ஆகவே, கண்டி இளைஞன் சென்னையிலிருந்து இரவல் பெற்ற கோலத்தை ஊர் திரும்பிய கோலம் எனினும் பொருந்தும். 1977இன் பின்னர் ஏற்றுமதிக்கான ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. ஐரோப்பாவுக்கெனத் தைக்கப்பட்டு எஞ்சியவை மலிவாக நகரக் கடைகளுக்கு வந்தன. தையற்காரரின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன.

பாடசாலைச் சீருடையும் இவ்விடத்து நோக்கத்தக்கது. 1993இல் அரசாங்கம் சீருடைத் துணியை மாணவர்க்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. ஏழைப் பிள்ளையின் உடை அவன் ஏழ்மையைப் பறைசாற்றாதிருக்கச் செய்த நன்மை சிறிதன்று. எனினும், எல்லாரும் வெள்ளை உடுத்திய வகுப்பிலே காற்சட்டையின் அடியை அரை அங்குலம் ஒடுக்குதலும் பேசுகின்றது. ஆசிரியர் அளவுகோலோடு நிற்றற்கும் மாணவர் அரை அங்குலத்துக்காகத் தண்டனை ஏற்றற்கும் காரணம் இதுவே.

பல்கலைக்கழகத்தை அடைந்தவுடன் இக்கட்டு நீங்கும் என எண்ணிச் செல்லும் மாணவன், பல பீடங்களிலே அதனினும் கடுமையான கட்டைக் காண்கின்றான். புதிதாக வருவோர் இன்னின்ன உடையே அணிதல் வேண்டுமென மூத்த மாணவர் விதிக்கும் வழக்கம், பகிடிவதையின் ஒரு கூறாக நெடுங்காலமாக அறியப்பட்டது. எல்லாரையும் சமமாக்குவதற்கே இவ்விதி என அவர் கூறுவர். சமத்துவம் விரும்பி ஏற்கப்படுவது. அச்சுறுத்தித் திணிக்கப்படுவதைச் சமத்துவமென்றல் சொல்லைக் கெடுப்பதாகும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்தது.

இனி, கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு வருதல் வேண்டும். 1824இற் கம்பளைக்கு அண்மையிலே கோப்பியும், 1867இல் லூல்கந்துரவிலே தேயிலையும் பயிராகத் தொடங்கியபின், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் வாழ்ந்த இத்தோட்டங்களிலே, நொக்ஸ் கண்ட உடை வரிசைக்கு நிகரான ஒன்று புதிதாக உருவாயிற்று. துரைக்கு அரைக் காற்சட்டையும் நீண்ட காலுறையும். கங்காணிக்கு வேட்டியின் மேற் கோட்டும் தலைப்பாகையும். மழையில் நிற்கும் தொழிலாளிக்குத் தலைமேற் கம்பளி. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இடையிற் கட்டிய படங்கு. துரையின் முன் செருப்போடு நிற்றல் அவமதிப்பாகக் கொள்ளப்பட்ட காலத்தை முதியோர் நினைவு கூருவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்த இம்மக்களுக்கு, எஞ்சியோர்க்கும் அவ்வுரிமை 2003இலேயே சட்டத்தால் வழங்கப்பட்டது. தாளிலே குடிமகனானவன் தெருவிலே ‘தோட்டக்காட்டான்’ என அழைக்கப்படுதல் அதனோடு ஒழிந்துவிடவில்லை.

கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ கண்டிக் கடையொன்றில் வேலைக்கு வரும் பதினெட்டு வயது இளைஞன், மடிப்புக் குலையாத டெனிமும் வெண்மை மங்காத சப்பாத்தும் அணிந்து, திரைநாயகனைப் போல முடிவெட்டிப் பேருந்தில் ஏறுவதை ஆடம்பரம் எனப் பலர் இகழ்வர். நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளை முழங்காலிற் கிழிந்த டெனிமை விலைகொடுத்து வாங்குகின்றான். அவன் எவ்வளவு கிழித்துக்கொண்டாலும் எவரும் அவனை ஏழையென எண்ணார். தோட்டத்து இளைஞன் கிழிந்ததை அணியான். அவன் தாய் அதனைக் கண்டால் ஊசியும் நூலும் எடுப்பாள் என்பது ஒருபுறமிருக்க, கிழிசலைப் பகடியாக அணிவதற்கு வேண்டிய பாதுகாப்பு அவனுக்கு இல்லை. முன்னவன் பிறர் கண்ணிற் படுவதற்காக உடுத்துகின்றான். பின்னவன் கடைத்தெருவிலே பத்துப் பேருள் ஒருவனாக, எத்தோட்டத்தான் என்று கேட்கப்படாமல் நடப்பதற்காக உடுத்துகின்றான். இருவர் உடையும் ஒரே கடையில் வாங்கப்பட்டிருத்தல் கூடும். புறத்தோற்றத்தை மட்டும் நோக்கி இளைஞர் உடையை மதிப்பிடுவோர் தவறுவது இவ்விடத்திலேயே.

போர்க்காலத்திற் சோதனைச் சாவடிகளைக் கடக்கும் தமிழ்ப் பெண்கள் பொட்டை அழித்துச் சென்றதும் இவ்வகையே. அவர்க்கு அன்று வேண்டியிருந்தது தனித்தன்மையன்று, அடையாளமின்மை. 2019 ஏப்பிரலின் பின்னர் முகத்திரை சிலகாலந் தடைசெய்யப்பட்டபோது முஸ்லிம் மாணவியர் சிலர் இதனை வேறுவகையில் அறிந்தனர்.

தோட்டத்து இளைஞனின் உடைக்கு விலை கொடுப்பவள் பெரும்பாலும் படங்கு கட்டிய தாயே. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது; நல்ல டெனிம் ஒன்றின் விலை அதனிற் பன்மடங்கு. ஆகையாற் புத்தாடை தீபாவளி முற்பணத்தையே நம்பியிருக்கும். பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளிலே கண்டிப் புடைவைக் கடைகளில் தாயும் மகனும் வழக்காடுவர். துணி இரண்டு ஆண்டாவது உழைக்க வேண்டுமென்பது அவள் கட்சி; அடி ஒடுங்கியிருக்க வேண்டுமென்பது அவன் கட்சி. பெரும்பாலும் அவனே வெல்கின்றான். முற்பணம் அவள் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்படும். அக்கடன் தீருமுன்னர் அகன்ற அடியுடைய காற்சட்டை கடைக்கு வந்துவிடுதலும் உண்டு.