25,000 விழுக்காடு பங்கு, 1,700 இருக்கை

கணக்கில் 2,000 டாலர் இடிக்கிறது. மெல் புரூக்ஸின் ‘தி புரொட்யூசர்ஸ்’ (1967) படத்தின் மொத்தக் கதையும் அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. நொடித்துப்போன நாடகத் தயாரிப்பாளர் மேக்ஸ் பியாலிஸ்டாக் தன் கடைசி நாடகத்துக்குத் திரட்டியது 60,000, செலவழித்தது 58,000. பேரேட்டைப் புரட்டும் கணக்கர் லியோ புளூம், தோற்ற நாடகத்தின் வரவு செலவை யாரும் கேட்க வரமாட்டார்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். மேக்ஸ் அதைப் பிடித்துக்கொள்கிறார். உலகிலேயே மோசமான நாடகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பங்கை 25,000 விழுக்காடு விற்று, முதல் நாளே அது படுத்துவிட்டால் பணத்தோடு கம்பி நீட்டலாம். அவர்கள் தேர்ந்தெடுப்பது ஹிட்லரைப் போற்றும் நாடகம். பார்வையாளர்களோ அதைக் கேலிக்கூத்து என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்க, நாடகம் ஓடிவிடுகிறது. இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

படத்தின் செலவு 9,41,000 டாலர். எட்டு வாரப் படப்பிடிப்பு, 88 நிமிட நீளம். ஜீரோ மோஸ்டலும் ஜீன் வைல்டரும் நடித்தார்கள். 1967 நவம்பரில் பிட்ஸ்பர்கிலும், 1968 மார்ச்சில் நியூயார்க்கிலும் வெளியானபோது விமர்சகர்கள் இரண்டுபட்டார்கள். திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. வெறித்தனமான ரசிகர்கள் சேர்ந்ததெல்லாம் பிற்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக. 1996-இல் படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

2001 ஏப்ரல் 19. பிராட்வேயின் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் அதே கதை இசைநாடகமாகத் திரை விலக்கியது. மூலதனம் ஏறத்தாழ 1 கோடியே 5 லட்சம் டாலர். படச் செலவைப்போல் பதினோரு மடங்கு என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் இடைப்பட்ட 34 ஆண்டுகளில் அமெரிக்க விலைவாசி ஐந்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. 1967-இன் 9,41,000 டாலர், 2001-இன் மதிப்பில் சுமார் 50 லட்சம். ஆக, உண்மையான ஏற்றம் இரண்டு மடங்குதான். அதைவிடப் பெரிய வேறுபாடு செலவின் தன்மையில் இருக்கிறது. படத்துக்குச் சிரிப்பை ஒருமுறை பதிவு செய்தால் போதும். மேடையில் வாரத்துக்கு எட்டு முறை புதிதாகச் சிரிக்க வைக்க வேண்டும், எட்டு முறையும் நடிகர், இசைக்குழு, திரைக்குப் பின்னால் இருப்போர் எல்லாருக்கும் கூலி உண்டு. மூலதனம் திரை விலகும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு கல்லாதான் நாடகத்தைத் தாங்க வேண்டும்.

படத்துக்காகப் புரூக்ஸ் எழுதிய பாட்டுகள் இரண்டே. மேடையில் அவை பதினைந்தைத் தாண்டின. இசையமைக்கச் சொல்லி ‘ஹலோ, டாலி!’ புகழ் ஜெர்ரி ஹெர்மனிடம் போனபோது, நீங்களே எழுதுங்கள் என்று அவர் திருப்பி அனுப்பினார். புரூக்ஸுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தாமஸ் மீஹனோடு உட்கார்ந்து வசனத்தையும் புதிதாக எழுதினார். ஹிட்லராக வரும் ஹிப்பி இளைஞன் வெட்டப்பட்டான், அரங்கைக் குண்டு வைத்துத் தகர்க்கும் முடிவும் போயிற்று, காலம் 1959-க்குப் பின்னோக்கி நகர்ந்தது. ரசிகர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் படத்தில் கைவைக்க இந்தத் துணிச்சல் வேண்டும். பிடித்த காட்சிகளையெல்லாம் அப்படியே இறக்கிவைத்திருந்தால், அது படத்தின் நகலாக மட்டுமே நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

வெட்டாமல் வைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்தின் உச்சக் காட்சியில் நாஜிச் சீருடை ஆட்டக்காரர்கள் ஸ்வஸ்திகாவாக அணிவகுத்துச் சுழல்வார்கள். கேமரா தலைக்கு மேலிருந்து பார்ப்பதால்தான் அது நகைச்சுவை. நாடகத்துக்கு வந்தவரோ தன் இருக்கையில் நேர்க்கோட்டில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரிவது முன்வரிசை மட்டுமே. இயக்குநரும் நடன அமைப்பாளருமான சூசன் ஸ்ட்ரோமன் மேடையின் பின்புறம் பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்தார். ஆட்டக்காரர்களின் உடலோடு பொம்மை வீரர்களைப் பிணைத்து ஆள்கணக்கைக் கூட்டினார். கண்ணாடி சாயச் சாய, சுழலும் சின்னம் அரங்கு முழுவதற்கும் தெரிந்தது. கேமரா செய்த வேலையை ஒரு கண்ணாடியும் சில பொம்மைகளும் செய்தன. இந்த நாடகத்துக்குச் செலவான பணத்தில் இதைவிட நன்றாகச் செலவானது வேறு இருக்க முடியாது.

செயின்ட் ஜேம்ஸில் இருக்கைகள் சுமார் 1,700. எட்டுக் காட்சிக்கு 13,600. திரை விலகிய மறுநாள் ஒரே நாளில் 33,598 டிக்கெட் விற்றது, அதாவது இரண்டரை வார அரங்கு, 30 லட்சம் டாலருக்கு மேல். உயர்ந்த கட்டணம் உடனே 100 டாலராயிற்று. ஜூனில் டோனி விருதுகள் 12. முந்தைய சாதனையான 10, 1964-இல் ஹெர்மனின் ‘ஹலோ, டாலி!’ பெற்றது, அதுவும் இதே செயின்ட் ஜேம்ஸில் நடந்த நாடகம்.

அக்டோபரில் வந்த எண்தான் எனக்கு உறுத்துகிறது. கள்ளச் சந்தைக்காரர்களுக்குப் போகும் லாபத்தைத் தாங்களே எடுப்பதற்காக, காட்சிக்குச் சுமார் 50 இருக்கைகளை 480 டாலருக்கு விற்றார்கள். பங்குதாரர்கள் பக்கம் நியாயம் உண்டு, நாடகத்துக்கு வந்து சேராத பணத்தால் யாருக்கு என்ன பயன்? ஆனால் அந்தப் பழக்கம் பிராட்வே முழுவதும் பரவியது. சம்பளக்காரக் குடும்பம் ஒன்று நல்ல இருக்கையில் அமர்வது அன்றிலிருந்து இன்னும் கடினமாயிற்று.

மொத்தம் 2,502 காட்சிகள், வசூல் ஏறத்தாழ 28.8 கோடி டாலர். காட்சிக்கு 1,15,000. காலி இருக்கைகளையும் சேர்த்து வகுத்தால் இருக்கைக்கு 68 டாலர். இந்தச் சராசரிக்குள் பெரும் மேடுபள்ளம் ஒளிந்திருக்கிறது. 2002 மார்ச்சில் நாயகர்கள் நேதன் லேனும் மேத்யூ பிராடரிக்கும் விலகியதும் விற்பனை சரிந்தது. 2003-இன் கடைசி நாள் இருவரும் திரும்பி வந்து 14 வாரம் நடித்தார்கள். ஆளுக்கு வாரச் சம்பளம் ஒரு லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. காட்சிக்கு 12,500. அதைக் கொடுத்தும் கட்டுப்படியானது. லண்டன் டுரூரி லேன் அரங்கில் தனியாக 920 காட்சிகள்.

2005 டிசம்பரில் இசைநாடகம் மறுபடியும் திரைப்படமாயிற்று. அதே ஸ்ட்ரோமன், அதே லேன், அதே பிராடரிக், 134 நிமிடம். செலவு 4.5 கோடி டாலர், உலக வசூல் 3.8 கோடி, அதிலும் திரையரங்குகளின் பங்கு போக மீதிதான் தயாரிப்பாளருக்கு. 1,700 பேருக்கு முன்னால் அளந்து வைத்த குரலும் கையசைப்பும் கேமராவின் அண்மையில் மிகையாகத் தெரிந்தன, சிரிப்புக்காக விட்ட இடைவெளிகள் வெறுமையாக நின்றன. படம் அரங்குகளை விட்டுப் போன பின்னும் செயின்ட் ஜேம்ஸில் 2007 ஏப்ரல் 22 வரை, வாரம் எட்டு முறை, அந்தக் கண்ணாடி சாய்ந்துகொண்டிருந்தது.