விரலுக்கேற்ற வீக்கம்

மாதந்தோறும் 12-ஆம் தேதி வாக்கில் டெல்லியிலிருந்து ஓர் எண் வெளியாகிறது. மறுநாள் காலைப் பத்திரிகையில் 'சில்லறைப் பணவீக்கம் இத்தனை சதவீதம்' என்று அச்சாகிறது. நம் சங்கத்தில் மாலையில் கூடும் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசாத மாதமே இல்லை. எண் ஏறியிருந்தால் ஒரு பெருமூச்சோடு விட்டுவிடுவார்கள். இறங்கியிருந்தால்தான் கோபம் வரும். "குறைஞ்சிருக்காமே! எந்தக் கடையில்னு விலாசம் சொல்லுங்கோ, நானும் போய் வாங்கிண்டு வரேன்" என்பார் ஒருவர். லேக் மார்க்கெட்டில் பை நிறையக் காய்கறி வாங்கித் திரும்பும் இல்லத்தரசிகளும் இதையேதான் கேட்கிறார்கள்.

மத்திய அரசு அலுவலகமொன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த எண்ணோடு பல வருடங்கள் பழகியவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அந்த எண் பொய் சொல்லவில்லை. கேட்கிறவர்கள் கூறுவதும் பொய்யில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டால் நம் குடும்பக் கணக்குக்கு நல்லது.

வேகம் வேறு, தூரம் வேறு

2024 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 6.21 சதவீதம். காய்கறிகள் மட்டும் முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் விலை கூடியிருந்தன. சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 அக்டோபரில் வெளியான எண் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் அவ்வளவு குறைவான எண் அதற்கு முன் வந்ததில்லை. செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி குறைக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

இதைப் படித்துவிட்டு விலைகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன என்று நினைத்தவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 2024 அக்டோபரில் 106 ரூபாய் 21 காசு. அதன் மேல் கால் சதவீதம் ஏற, 2025 அக்டோபரில் ஏறத்தாழ 106 ரூபாய் 48 காசு. ஏறிய ஆறு ரூபாய் ஏறியதுதான், இறங்கவில்லை. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். ஹவுரா நோக்கி வரும் மெயில் வேகத்தைக் குறைத்தால் அது மறுபடி சென்னைக்குத் திரும்பிவிட்டதாக யாரும் சொல்வதில்லை அல்லவா?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த எண் போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடப்படுகிறது. போன வருடம் காய்கறி விலை எக்கச்சக்கமாக இருந்தால், இந்த வருடம் சாதாரண விலைகூட 'குறைவு' என்று பதிவாகும். 2023 ஜூலையில் தக்காளி விலை பறந்தபோது பணவீக்கம் 7.44 சதவீதத்துக்குப் போனதும், மறு வருட ஜூலையில் எண் இறங்கித் தெரிந்ததும் இந்த வகைதான். ஆகவே ஒரு மாத எண்ணைப் பார்த்து மகிழவோ மயங்கவோ வேண்டாம். இரண்டு மூன்று வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

யாருடைய கூடை?

இந்த எண் எங்கிருந்து வருகிறது? ஒரு கற்பனைக் கூடையிலிருந்து. சராசரி இந்தியக் குடும்பம் எதை எவ்வளவு வாங்குகிறது என்று முதலில் ஆய்வு செய்வார்கள். அதற்கேற்ப ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடை தருவார்கள். பிறகு மாதாமாதம் அதே பொருள்களின் விலையைக் கடைகளில் விசாரித்துக் கூட்டுவார்கள். 2012 தொடரில் 1,181 கிராமங்களிலும் நகரங்களில் 1,114 சந்தைகளிலும் விலை சேகரித்தார்கள். அந்தக் கூடையில் உணவும் பானமும் சேர்ந்து 45.86 சதவீதம்.

இப்படி வீடு வீடாக மாதிரி எடுத்து ஆராயும் முறை இந்தியாவில் வேரூன்றியது நாம் வாழும் இந்த ஊரில்தான் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. பேராசிரியர் பிரசாந்த சந்திர மஹலாநோபிஸ் பிரசிடென்சி கல்லூரியில் நடத்தி வந்த புள்ளியியல் கூடத்திலிருந்து 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி ஆய்வால் கணக்கிட்டுக் காட்டினார் அவர். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியபோது அதற்கு மூளையாக இருந்ததும் அவரே. பி.டி. ரோடு வழியாகப் பராநகர் பக்கம் போகும்போது அந்த வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் பிறந்த ஜூன் 29-ஐ 2007 முதல் நாடு புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறது.

ஆனால் சராசரிக் கூடை எந்த ஒரு வீட்டின் கூடையும் ஆகாது. 2011-12 ஆய்வை வைத்துக் கட்டிய அந்தக் கூடையில் டேப்ரெக்கார்டரும் வி.சி.ஆரும்கூட இருந்தன. 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடர் 2026-இல் வந்தபோதுதான் அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நம் செலவுகள் எவ்வளவு மாறிவிட்டன! 2023-24 ஆய்வின்படி நகரக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 39.68 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மீதியை மருந்து, போக்குவரத்து, படிப்பு, செல்போன் என்று பலவும் பங்கு போட்டுக்கொண்டன.

கொல்கத்தாத் தமிழர் வீட்டில் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல். பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்துக்குக் கடுகெண்ணெய், மசூர் பருப்பு, மீன், உருளைக்கிழங்கு. 2024 ஜூலையில் உருளைக்கிழங்கு வியாபாரிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் சமையலறை திண்டாடிப் போயிற்று. நமக்கோ துவரம் பருப்பு, நல்லெண்ணெய், தேங்காய், இட்லி அரிசி, காபிப்பொடி. இவற்றில் பலவும் நெடுந்தூரம் பயணம் செய்து இங்கு வருபவை. லாரி வாடகையும் விலையில் ஏறிக்கொள்ளும். வியட்நாமிலும் பிரேசிலிலும் மழை பொய்த்துக் காபி விளைச்சல் குறைந்தால், அந்தச் சூடு 2024-25-இல் லேக் மார்க்கெட் காபிப்பொடிக் கடை வரை வந்தது. டீ குடிக்கும் வீட்டுக்கு அது செய்தி, நமக்குச் செலவு. காக்கைக்குத் தெரியுமா எருதின் நோய்?

இது நம் கற்பனை அல்ல என்பதற்குக் கேரளமே சாட்சி. நாடு முழுவதற்கும் 0.25 சதவீதம் என்று எண் வந்த அதே 2025 அக்டோபரில் கேரளத்தின் பணவீக்கம் எட்டரை சதவீதம். அந்த வருடம் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரே நாடு, ஒரே மாதம். சமையல் எண்ணெய் மாறினால் கணக்கும் மாறிவிடுகிறது.

1943 சொல்லிக்கொடுத்த பாடம்

விலை ஏறுவது ஒரு துன்பம். வருமானம் அதோடு சேர்ந்து ஏறாமல் நிற்பது அதைவிடப் பெரிய துன்பம். இதை இந்த ஊரைப் போலக் கொடுமையாக அனுபவித்த ஊர் குறைவு. 1942 டிசம்பர் 11-ஆம் தேதி கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசியின் மொத்த விலை 13, 14 ரூபாய். (வங்காள மணங்கு ஏறத்தாழ 37 கிலோ; நம் ஊர்ப் பழைய மணங்கைவிட மிகப் பெரியது.) 1943 மார்ச்சில் அது 21 ரூபாய். மே மாதம் 30-ஐத் தாண்டியது. ஆகஸ்டில் 37. எட்டே மாதத்தில் இரண்டரை மடங்குக்கும் மேல்.

அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 15 லட்சம் என்றது அரசின் விசாரணைக் குழு. பின்னாளைய ஆய்வுகள் பல அதை 30 லட்சத்தை ஒட்டிக் கணக்கிடுகின்றன. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்துக் கூலிகள், மீனவர்கள், கைவினைஞர்கள். கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அலுவலகச் சிப்பந்திகளுக்கும் மலிவு விலையில் தானியம் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. சிறுவனாக அந்தப் பஞ்சத்தைக் கண்ட அமர்த்திய சென், 1981-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார்: நாட்டில் எவ்வளவு அரிசி இருந்தது என்பதோடு, யாருடைய கூலி அந்த அரிசியை வாங்கப் போதுமானதாக இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

பஞ்சப்படி உள்ளவரும் இல்லாதவரும்

நம் பெரியவர்கள் டி.ஏ.வைப் 'பஞ்சப்படி' என்று சொல்லி வந்தது எவ்வளவு பொருத்தம்! போர்க்காலத்தில் சிறு சம்பளக்காரர்களுக்கு உணவு விலைக்காகக் கொடுத்த படியிலிருந்து வளர்ந்ததுதான் அது. மத்திய அரசில் ஜனவரியிலும் ஜூலையிலும் அது திருத்தப்படுகிறது. இதற்கு ஆதாரம் வேறொரு குறியீட்டெண்; தொழிலாளர் துறை 88 தொழில் மையங்களில் விலை விசாரித்துக் கணக்கிடுவது. கொல்கத்தாவும் அந்த மையங்களில் ஒன்று. 2016 ஜனவரியில் பூஜ்யத்திலிருந்து தொடங்கிய படி, 2025 ஜூலைக்கு 58 சதவீதமாயிற்று. அதாவது அந்தக் கணக்குப்படி 100 ரூபாய்ச் செலவு ஒன்பதரை வருடத்தில் 158 ரூபாய் ஆகிவிட்டது.

இந்தக் குடையும் எப்போதும் விரிந்தே இருந்ததில்லை. 1974-இல் விலைவாசி ஒரே வருடத்தில் 28 சதவீதத்துக்கும் மேல் ஏறியபோது, கூடுதல் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பு நிதி என்று பிடித்துவைத்தார்கள். கொரோனா காலத்தில் 2020 ஜனவரி முதல் மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டு, 2021 ஜூலையில்தான் 17 சதவீதம் 28 ஆயிற்று. இடைக்கால நிலுவை கிடைக்கவில்லை. மேற்கு வங்க அரசு ஊழியர்களோ மத்திய அரசு விகிதம் கேட்டு வருடக் கணக்கில் வழக்காடினார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலுவையில் 25 சதவீதத்தைத் தருமாறு இடைக்கால உத்தரவு இட்டது.

ஆனால் என் கவலை இவர்களைப் பற்றியதல்ல. இந்த ஊருக்கு வந்த தமிழர்களில் ரயில்வே, ஏ.ஜி. அலுவலகம், வங்கி என்று போனவர்கள் ஒரு பாதி என்றால், தனியார் கம்பெனிகளில் ஸ்டெனோவாகவும் குமாஸ்தாவாகவும் தேய்ந்தவர்கள் இன்னொரு பாதி. அவர்களுக்கு வரும் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்துக்குப் பஞ்சப்படி கிடையாது. 2014 செப்டம்பரில் அதன் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2025 முடிந்தபோதும் அதே ஆயிரம்தான். மேலே சொன்ன 58 சதவீதத்தை வைத்துப் பார்த்தால், அந்த ஆயிரம் 2016-இல் 633 ரூபாய் வாங்கிய பொருளைத்தான் 2025-இல் வாங்கும். யாரும் திருடவில்லை, ஆனாலும் 367 ரூபாய் காணாமற் போயிற்று.

நம் வீட்டுக் குறியீட்டெண்

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறியீட்டெண் தயாரிக்கலாம் என்பது என் யோசனை. மஹலாநோபிஸ் தேவையில்லை, ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். மாதம் தவறாமல் வாங்கும் பதினைந்து இருபது விஷயங்களை எழுதுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காபிப்பொடி, காஸ், மின்சாரம், வேலைக்காரம்மா சம்பளம் என்று இருக்கட்டும். மருந்தை மறக்காதீர்கள், நம் வயதில் அதுதான் பெரிய இனம். ஒவ்வொன்றின் அளவையும் மாற்றாமல், மாதத்தின் ஒரே தேதியில், அதே கடை விலையைக் குறித்து வாருங்கள். ஒரு பேச்சுக்கு, போன வருடம் இந்த மாதம் மொத்தம் 8,000 ரூபாய், இப்போது 8,560 என்றால் உங்கள் வீட்டுப் பணவீக்கம் 7 சதவீதம். பத்திரிகையில் எது வந்தாலும் உங்களுக்கு அதுதான் எண்.

இதனால் என்ன லாபம்? வங்கியில் போட்ட டெபாசிட்டுக்கு 7 சதவீத வட்டி வருகிறது, வீட்டுப் பணவீக்கமும் 7 என்றால், வட்டி முழுவதையும் செலவழிப்பவர் உண்மையில் அசலைக் கரைக்கிறார். பணத்தின் எண்ணிக்கை குறையாது, பலம் குறையும். ரிசர்வ் வங்கி 2016 முதல் இலக்காக வைத்த 4 சதவீதத்திலேயே ஏறினாலும் விலைகள் 18 வருடத்தில் இரட்டிக்கும். 6 சதவீதம் என்றால் 12 வருடத்தில். அறுபதில் ஓய்வு பெறுகிறவர் எண்பது வரைக்கும் திட்டமிட வேண்டாமா?

விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது வேறு சந்தர்ப்பத்துக்கு. ஆனால் பணவீக்கத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. டெல்லி சொல்வது நூற்று நாற்பது கோடி விரல்களின் சராசரி. உங்கள் விரல் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும். மகனோ மகளோ பெங்களூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ "மாசம் எவ்வளவு ஆறது, அப்பா?" என்று கேட்கும்போது, "ஏதோ ஓடறது" என்று சொல்லி மழுப்பாமல் நோட்டைப் பிரித்துப் படியுங்கள். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. சங்கத்தில் நம்மோடு அமர்ந்திருக்கும் தனியார் கம்பெனி ஓய்வூதியரின் நோட்டையும் ஒரு நாள் கேட்டு வாங்கிப் பாருங்கள். பஞ்சப்படி வாங்கும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு அதில்தான் இருக்கிறது.