பிராஜக்ட் தலைப்பா? வீட்டிலேயே கிடக்கிறது!

'பிராஜக்ட்' என்ற வார்த்தையைக் கேட்டாலே நம்மைப் போன்ற தாய்மார்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத்தான் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள். "அம்மா, நாளைக்குத் தலைப்பு சொல்லணும்மா. நாங்களே சொந்தமா ஏதாவது ஆராய்ச்சி பண்ணணுமாம்!" என்பார்கள். உடனே வீடு அமர்க்களப்படும். அப்பா செல்போனில் தேடுவார். அது நூறு தலைப்புகளைக் கொட்டும். எதை எடுப்பது என்று தெரியாமல், கடைசியில் கடைக்குப் போய் தெர்மகோல் எரிமலை ஒன்றை வாங்கி வருவார்கள். சில கடைகளில் கட்டுரையையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறார்கள். பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கும்!

காசு போனால் போகிறது, சம்பாதித்துக் கொள்ளலாம். ஆனால் அடுத்தவர் செய்ததில் நம் பெயரை எழுதி மார்க் வாங்கலாம் என்று அந்தப் பிஞ்சு மனசில் நாமே எழுதி விடுகிறோமே, அதை எப்படி அழிப்பது?

"நான் பத்தாவதோட நின்னவ, எனக்கு என்ன ஆராய்ச்சி தெரியும்?" என்று பல தோழியர் ஒதுங்கி விடுகிறார்கள். நானும் பத்தாவது வரை படித்தவள்தான். தலைப்பைத் தேர்ந்தெடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பதில் தெரியாத ஒரு கேள்வி வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேள்விகள் நம் அடுப்படியிலும் தெருவிலும்தான் கிடக்கின்றன.

திருவண்ணாமலையைச் சேர்ந்த மாணவி வினிஷா உமாசங்கரை எடுத்துக் கொள்ளுங்கள். தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தார். 'தினமும் இவ்வளவு கரியா? வேறு வழி இல்லையா?' என்று யோசித்தார். அந்தக் கேள்விதான் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியாக வளர்ந்தது. 2021-ல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். இஸ்திரி வண்டியை நாமும்தான் தினம் பார்க்கிறோம். அவர் நின்று கவனித்தார்.

1993-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் அடிப்படையும் இதுதான். 10 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்னை ஒன்றை எடுத்து, தாங்களே போய்ப் பார்த்து, அளந்து, எழுதிக் கொண்டு வர வேண்டும்.

தலைப்பு எப்படி இருக்க வேண்டும்? 'நீர் மாசு', 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்பதெல்லாம் கடல். பிள்ளை அதில் குதித்தால் புத்தகத்தைப் பார்த்து எழுதத்தான் முடியும். கடலை ஒரு டம்ளருக்குள் கொண்டு வர வேண்டும். 'எங்கள் வீட்டில் சொட்டும் குழாயால் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வீணாகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். அடியில் ஒரு பாத்திரத்தை ஒரு மணி நேரம் வைத்து, சேர்ந்ததை அளந்து, 24-ஆல் பெருக்கினால் பதில் வந்து விடும். பிறகு தெருவில் எத்தனை வீட்டில் குழாய் சொட்டுகிறது என்று எண்ணலாம். 'எவ்வளவு?', 'எது?', 'எப்போது?' என்று கேட்கும் தலைப்பு நல்ல தலைப்பு.

இன்னும் இரண்டு சொல்கிறேன். மழைக் காலத்தில் நேரான சுவருள்ள டப்பாவை மொட்டை மாடியில் வைத்து, தினமும் ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். 1 சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். 10 அடிக்கு 10 அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 93 லிட்டர்! நம் மாடியிலிருந்து எத்தனை குடம் சாக்கடைக்குப் போகிறது என்று பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லும்.

அடுத்தது நம் இட்லி மாவு. வெயில் காலத்தில் பாத்திரத்தை விட்டு வழிகிற மாவு, மார்கழிக் குளிரில் அசைய மாட்டேன் என்கிறதே, ஏன்? மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குச் சூடு வேண்டும். உப்பு கூடினால் என்ன ஆகும்? ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடி டம்ளரில் ஒரே மாவைப் பாதி அளவு ஊற்றி, ஒன்றில் உப்பு இல்லாமல், ஒன்றில் கால் ஸ்பூன், ஒன்றில் அரை ஸ்பூன் போட்டு, மணிக்கு ஒரு முறை உயரத்தைக் கோடு போடட்டும். மாவு, டம்ளர், வைக்கும் இடம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். உப்பு மட்டும்தான் மாறலாம். எல்லாவற்றையும் மாற்றினால் எதனால் பொங்கியது என்று எப்படித் தெரியும்?

என் மகள் எட்டாவது படிக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் சாயந்திரம் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். "ஏண்டி குடிக்கல?" என்றால் பதில் வராது. தலைப்பு தேடிய நேரத்தில், "உன் கிளாஸ்ல எல்லார் பாட்டிலும் இப்படித்தான் திரும்பி வருதா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தவள், "அதையே தலைப்பா எடுத்துக்கவாம்மா?" என்றாள்.

தோழிகளுடன் சேர்ந்து ஒரு வாரம் மிச்சத் தண்ணீரை அளந்தார்கள். ஏன் குடிக்கவில்லை என்றும் கேட்டு எழுதினார்கள். தாகம் இல்லை என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். பள்ளிக் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததால்தான் குடிப்பதில்லை என்றார்கள் மற்றவர்கள்.

வீட்டில் என் மாமியார், "பொம்பளப் புள்ளைங்க கக்கூஸ் விஷயத்தையா நாலு பேர் முன்னாடி பேசுறது? வேற தலைப்பே கெடைக்கலையா?" என்று கோபப்பட்டார். அவர் வளர்ந்த காலம் அப்படி. "அத்தை, தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சா நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் வருமே, அது மட்டும் பரவாயில்லையா?" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "நாங்களும் அப்படித்தான் இருந்தோம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு தடுக்கவில்லை. வகுப்பு ஆசிரியையும் தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. "யார் பேரையும் எழுதாதே, எண்ணிக்கை மட்டும் எழுது" என்றார். நல்ல யோசனை அது.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே கழிவறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது. பாட்டிலும் காலியாகத் திரும்ப ஆரம்பித்தது. தண்ணீர் குடிப்பதை நினைவூட்ட 2019-ல் கேரளப் பள்ளிகளிலும், 2025-ல் நம் தமிழகப் பள்ளிகளிலும் 'வாட்டர் பெல்' கொண்டு வந்தார்கள். நல்ல காரியம். கூடவே தாழ்ப்பாளும் இருந்தால்தானே பெண் பிள்ளைகள் தைரியமாகக் குடிப்பார்கள்?

பிள்ளை ஒரு தலைப்பைச் சொன்னதும் நாம் கேட்க வேண்டியவை இவைதான்:

* இது உனக்கே தெரிஞ்சுக்க ஆசையா, இல்லை மிஸ்ஸுக்காகவா?
* எதை வைத்து அளப்பாய்? ஸ்கேல், கடிகாரம், அளவு டம்ளர் போதுமா?
* கொடுத்த நாளுக்குள் முடியுமா? வெந்தயம் சில நாளில் முளைத்து விடும். மாங்கொட்டை அவ்வளவு சீக்கிரம் வளராது.
* ஆசிட், கரண்ட், நெருப்பு இருக்கிறதா? இருந்தால் வேண்டாம்.
* அடுத்தவர் நோய், வருமானம் என்று மனம் நோகும் கேள்வி கேட்க வேண்டி வருமா? வந்தால் அனுமதி கேட்டு, பெயர் எழுதாமல் செய்ய முடியுமா?

தலைப்பு முடிவான பிறகு நாம் சற்று விலகி நிற்க வேண்டும். "நீ என்ன நினைக்கிறே? ஏன் அப்படி?" என்று கேட்கலாம். கோணல்மாணலாக இருந்தாலும் சார்ட் பேப்பரில் பிள்ளையே எழுதட்டும். நினைத்தது ஒன்று, அளந்தது வேறு என்று வந்தாலும் கணக்கைத் திருத்த விடாதீர்கள். 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான். அதை உள்ளபடி எழுதுகிற பிள்ளை நாளைக்கு எந்த வேலைக்குப் போனாலும் நேர்மையாக இருக்கும்.

என்ன தோழியரே, அடுத்த முறை பிள்ளை 'தலைப்பு' என்று வந்து நின்றால் பர்ஸைத் தேடாதீர்கள். "இன்னைக்கு நீ எதைப் பார்த்து 'ஏன்'னு நினைச்சே?" என்று கேளுங்கள்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.